பனியன் கம்பெனிக்குப் பி.ஆர்.ஐ. கார்டு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

திருப்பூர் அவிநாசி சாலையை ஒட்டி இயங்கும் எங்கள் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில், 14 செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்புகளை எடுத்துவிட்டு, அலுவலகத்துக்குள் அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியில் பி.ஆர்.ஐ. (ஒரே இணைப்பில் பல அழைப்புகளைக் கொண்டுவரும் டிஜிட்டல் தொலைபேசிச் சேவை) கார்டு ஒன்றைப் பொருத்தி ஓராண்டு ஆகிறது. நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை வேறிடம், காம்பேக்டிங் இன்னோரிடம் என்று வேலை பிரிந்து நடக்கும் இந்த ஊரில், காலை ஒன்பதரை மணிக்குமேல் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். முன்பெல்லாம் பிஸி டோன்தான் கேட்கும். கார்டு வந்த மறுவாரமே, சாயப்பட்டறை மேலாளர் "ஏனுங்க, இப்பத்தானுங்க உங்க லைன் ஒரே அடியில கிடைக்குது" என்றார்.

காரணம் எளிது. இந்தியாவில் பி.ஆர்.ஐ. வருவது ஈ1 என்னும் இணைப்பில். அதன் வேகம் விநாடிக்கு 2.048 மெகாபிட். அது தலா 64 கிலோபிட் கொண்ட 32 பகுதிகளாகப் பிரிகிறது. ஒன்று ஒத்திசைவுக்கு, ஒன்று அழைப்பை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் சமிக்ஞைக்கு. மீதி 30 அழைப்புகளுக்கு. அமெரிக்க முறையை வைத்து எழுதிய கையேடுகளில் 23 என்றிருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. சமிக்ஞைக்கென்றே தனிப் பகுதி இருப்பதால் அழைப்பு சட்டென்று இணைகிறது. அழைப்பவரின் எண் பிசகாமல் தெரிகிறது. ஆர்டர்களைக் கவனிக்கும் ஒவ்வொரு மெர்ச்சண்டைசருக்கும் நேரடி எண் கொடுக்க முடிகிறது. வரவேற்பு மேசை வழியாக வராமல் பையர் (ஆர்டர் கொடுப்பவர்) நேராக உரியவரிடம் பேசுவதுதான், என் கணக்கில், கொடுத்த பணத்துக்குக் கிடைத்த முதல் பலன்.

ஆனால் முதல் இரண்டு மாதங்கள் பெரும் தொல்லை. பேச்சின் நடுவே பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று ஓர் ஒலி கேட்கும். ஷிப்பிங் ஆவணங்களை ஃபேக்ஸில் அனுப்பினால் இரண்டாம் பக்கம் பாதியில் அறுந்துவிடும். கார்டைப் பொருத்தியவர்கள் கேபிளை மாற்றினார்கள், எர்த்தைச் சோதித்தார்கள், கடைசியில் ஃபேக்ஸ் இயந்திரத்தின் மேல் பழி போட்டார்கள். பிறகு கோவை பீளமேட்டிலிருந்து வந்த டெக்னீஷியன் ஒருவர் கணினியில் கார்டின் பக்கத்தைத் திறந்து, 'ஸ்லிப்' என்ற எண் எங்கள் கண்முன்னே ஏறிக்கொண்டிருப்பதைக் காட்டினார். கார்டு தன் சொந்த கிளாக்கில் (தரவை அனுப்பும் வேகத்தை ஒழுங்காக வைக்கும் கடிகாரத் துடிப்பு) ஓடிக்கொண்டிருந்தது. தொலைபேசி நிலையத்தின் கிளாக்கை அது பின்பற்றியிருக்க வேண்டும். இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 10 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஏறத்தாழ 12 விநாடிக்கு ஒரு ஃபிரேம், அதாவது தரவின் ஒரு சிறு துண்டு, தவறிப்போகும்; அதைத்தான் ஸ்லிப் என்கிறார்கள். பேச்சில் அது ஒரு டிக்கோடு போய்விடும், ஃபேக்ஸால் தாங்க முடியாது. ஒரே ஓர் அமைப்பை மாற்றியதும் அந்த எண் அப்படியே நின்றது. கார்டு பொருத்தும் நாளிலேயே கிளாக் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, ஸ்லிப் ஏறாமல் நிற்பதை நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டேட்டாவுக்காக இதை வாங்க வேண்டாம். ஒரு காலத்தில் ஆறு பகுதிகளைச் சேர்த்து 384 கிலோபிட்டில் வீடியோ கான்ஃபரன்ஸ் நடத்தினார்கள். இன்று ஃபைபர் பிராட்பேண்ட் இருக்கும் இடத்தில் அதற்குத் தேவையில்லை. பத்து அழைப்புக்கும் குறைவாகவே ஒரே நேரத்தில் வரும் சிறிய கம்பெனிக்கு, நல்ல இணைய இணைப்பு இருந்தால், இணையம் வழியே அழைப்புகளைக் கொண்டுவரும் எஸ்.ஐ.பி. டிரங்க் போதும் என்பதே என் கருத்து.

இன்னொன்றையும் விலை பேசும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும். செம்புக் கம்பி இணைப்புக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்துவிடும், பி.ஆர்.ஐ. இணைப்பின் மோடத்துக்கோ நம் அலுவலகத்து மின்சாரம்தான் வேண்டும். அது நின்றால் 30 பாதையும் ஒன்றாக நிற்கும். ஆகவே மோடத்தையும் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இணைத்தோம். பழைய இணைப்புகளில் இரண்டை மட்டும் திரும்பப் பெற்று, ஒன்றை வாட்ச்மேன் அறையிலும் மற்றொன்றைச் செக்கிங் பகுதியிலும் வைத்திருக்கிறோம்.