ஏலக்காய்க் கணக்கை போஸ்ட்கிரெஸில் மொத்தமாக ஏற்றுவது: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

போடி, புற்றடி ஏலங்களில் எடுத்த சரக்கின் லாட் எண், மூட்டை, எடை, கிலோ விலை எல்லாம் பல வருடமாக எக்செலில் குவிந்திருக்கும். அதை போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸுக்கு மாற்ற நாங்கள் நம்பிப் பயன்படுத்துவது, ஃபைலை மொத்தமாக டேபிளில் ஏற்றும் காப்பி (COPY) கட்டளையைத்தான்.

வரிக்கு ஒரு இன்சர்ட் போட்டால், ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தை உறுதிசெய்வது) வால் பதிவு (WAL, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் லாக்) டிஸ்கில் எழுதி முடியும்வரை சர்வர் காத்திருக்கும். நேரம் போவது அங்கேதான். காப்பிக்கு வழியில்லாத புரோகிராமில், ஆயிரம் வரிகளை ஒரே இன்சர்ட்டாகச் சேர்த்து, பல இன்சர்ட்டுகளுக்கு ஒரு கமிட் போடுங்கள். ஒரு கட்டளைக்கு 65,535 பாராமீட்டர்தான் எல்லை. 20 ஃபீல்ட் இருந்தால் 3,276 வரிக்கு மேல் போகாது.

காப்பியை நேராக நிஜ டேபிளில் விடாதீர்கள். ஒரு வரி கெட்டாலும் மொத்தமும் ரோல்பேக் ஆகும், அதாவது ரத்தாகும்; அதுவரை ஏறிய வரிகள் பிடித்த இடம் வேக்குவம் (செத்த வரிகளின் இடத்தை மீட்கும் வேலை) ஓடும்வரை அடைபட்டே கிடக்கும். எல்லா ஃபீல்டும் டெக்ஸ்டாக ஒரு அன்லாக்டு (UNLOGGED) டேபிள் செய்து முதலில் அதில் இறக்குங்கள். வால் எழுதாததால் வேகம் கூடும். சர்வர் கிராஷ் ஆனால் அந்த டேபிள் காலியாகிவிடும். ஃபைல் கையில் இருக்கிறது, திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

அங்கிருந்து நிஜ டேபிளுக்கு மாற்றும்போது தேதியில் மிகுந்த கவனம் வேண்டும். டேட்ஸ்டைல் எம்டிஒய் (மாதம், நாள், வருடம்) என்றிருந்தால் 13-05-2024 பிழை காட்டி நின்றுவிடும், தப்பித்தோம். 05-06-2024 சத்தமே இல்லாமல் மே 6 ஆக ஏறிவிடும். ஜூன் 5 ஏலத்தின் விலை வேறு மாதக் கணக்கில் போய் உட்காரும். டூ_டேட்டில் நாள், மாதம், வருடம் என்ற வரிசையைச் சொல்லியே மாற்றுங்கள். எடையில் 1,250.500 என்று கமா இருந்தால் நியூமெரிக் ஏற்காது, ரீப்ளேஸ் போட்டு எடுத்துவிடுங்கள். ஒரே லாட் இரண்டு முறை வந்தால் ஏற்கெனவே உள்ள வரியைப் புதுப்பிக்கும் ஆன் கான்ஃப்ளிக்ட் அப்டேட்டும் பிழையில் நிற்கும். டிஸ்டிங்க்ட் ஆன் வைத்து முன்பே வடிகட்டுங்கள்.

முதல்முறை மொத்தமாக ஏற்றும்போது பிரைமரி கீ தவிர்த்த இண்டெக்ஸ்களை நீக்கி, ஏற்றியபின் கட்டுவதே லாபம். அப்போது மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம் (இண்டெக்ஸ் கட்ட ஒதுக்கும் மெமரி) இயல்பான 64 எம்பியில் இருந்தால் போதாது. ராம் இருந்தால் 1 ஜிபி கொடுங்கள். தினசரி ஏலம் ஒன்றைச் சேர்க்க இண்டெக்ஸைத் தொட வேண்டாம்.

செக்பாயிண்ட் (மெமரியில் உள்ள மாற்றங்களை டேட்டா ஃபைல்களில் இறக்குவது) அடிக்கடி நடப்பதாக லாக் எச்சரித்தால், டிஸ்கில் இடம் பார்த்து மேக்ஸ்_வால்_சைஸை (வால் பதிவின் அளவு வரம்பு) 1 ஜிபியிலிருந்து 8 ஜிபிக்கு ஏற்றுங்கள்; ரீலோட் போதும், ரீஸ்டார்ட் தேவையில்லை.

எழுதியது டிஸ்கில் சேர்ந்ததை உறுதிசெய்யும் எஃப்சிங்கை மட்டும் அணைக்காதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் மலையடிவாரத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போனால் டேட்டாபேஸே கெட்டுப்போகலாம். வேகம் வேண்டுமென்றால் அந்த செஷனில் சிங்க்ரனஸ்_கமிட்டை (கமிட்டின்போது டிஸ்குக்காகக் காத்திருப்பது) அணையுங்கள். கடைசியாகப் போட்ட சில கமிட்டுகள் போகலாமே தவிர, டேட்டா சிதையாது.

முடிந்ததும், டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் ரிப்போர்ட்டே தவறான பிளானில் இழுக்கும். வரி எண்ணிக்கையும் மொத்த எடையும் எக்செலோடு ஒத்துப்போன பிறகே அந்த அன்லாக்டு டேபிளை நீக்குங்கள்.