தப்புச் சத்தமா, பிள்ளைக் கணக்கா?

பேராதனையில் படிக்கும் தங்கச்சி ஆய்வுக்கு இரண்டு தலைப்பு கொண்டுவந்தாள். ஒன்று சைகடெலிக் இசை, அதாவது போதைக் கிறக்கம் போல மயக்கும் இசை, மற்றது சிறுவர் நலனில் தரவு. "எது நல்லம் அண்ணே?"

இசைக்குக் காது போதும். 1966இல் பீட்டில்ஸ் ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டுப் பாட்டில் சேர்த்தார்கள். அதை இன்று ஹட்டனில் ஒரு லேப்டாப்பிலேயே செய்து பார்க்கலாம். ஆனால் அதைப் பற்றி எழுதியது ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. புதிதாகச் சொல்ல, நம் மலையகத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துப் பக்கம்தான் வரவேண்டும். தப்பு என்ற பறையைத் தீயில் காட்டி, தோல் இறுகியதா என்று விரலால் சுண்டிப் பார்த்து, ஒரே அடியைத் திருப்பித் திருப்பி அடிப்பார்களே, அந்தக் கிறக்கத்துக்குத் தேத்தண்ணி போதும் (சரி, சிலருக்குச் சாராயமும்).

தரவு அப்படியல்ல. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம் இருக்கும் அலெகேனி மாவட்டத்தில், ஒரு பிள்ளையைப் பற்றிப் புகார் வந்தால் 2016 முதல் கணினி, ஆபத்து எவ்வளவு என்று 1இலிருந்து 20வரை புள்ளி போடுகிறது. விசாரிப்பதா, விடுவதா என்று அதையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அரச உதவி கேட்டுப் போகும் ஏழைகளின் விபரம்தான் அதில் அதிகம் சிக்குகிறது என்பது பெரிய விமர்சனம். அம்மா கொழுந்தெடுக்கப் போக, பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில்) கிடக்கும் குழந்தைக்கு அது எத்தனை புள்ளி போடும்? அதற்கு முன் பெயரே இடிக்கும். அப்பாவின் பெயர் என் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, இவளுடையதில் வேறு மாதிரி. கணினிக்கு நாங்கள் இரண்டு அப்பாக்களின் பிள்ளைகள்.

தரவையே எடு என்றேன். அனுமதிக் கடிதங்களுக்கே மாதக்கணக்கில் அலைய வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. கூத்தை மாசியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அவள் இன்னும் ஹெட்போனைக் கழற்றவில்லை.