கிளிநொச்சிக் கயிற்றுக்கடையும் கடிவாளமும்

கிளிநொச்சிச் சந்தையின் பின்பக்கத்தில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கயிற்றுக்கடை இருக்கிறது. சவாரி மாடு, அதாவது வண்டிப் பந்தயத்தில் ஓடும் மாடு, வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்த கடைதான். எனக்கு அவசரமாக நாணயக்கயிறு, மாட்டின் மூக்கில் கோத்துக் கட்டும் கயிறு, வேண்டியிருந்தது. வேறொரு கடையில் வாங்கிய நைலோன் கயிறு இரண்டே கிழமையில் என் சின்ன மாட்டின் மூக்கை அறுத்துவிட்டது. புண் ஆறும்வரை அவனை வண்டியில் பூட்டவில்லை. பார்க்கவே மனம் கேட்கவில்லை.

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் கூட வந்தாள். ‘விலைவாசிக்குக் கடிவாளம்’ என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். கடிவாளம் எப்படி இருக்கும் என்று வழி முழுக்க ஒரே கேள்வி. வன்னியில் குதிரைக்கு நான் எங்கே போவது? அவள் கண்ட குதிரைகள் எல்லாம் நெடுந்தீவில்தான். ஐரோப்பியர் காலத்தில் வந்த குதிரைகளின் வழிவந்தவை அவை. தம் பாட்டுக்குத் திரிகின்றன, வாயில் ஒன்றும் கிடையாது.

கடைக்கார ஐயா இதைக் கேட்டுக்கொண்டே கயிறு முறுக்கினார். அப்புறம் எழும்பி வந்து மகளின் மணிக்கட்டில் ஒரு கயிற்றைத் தளர்வாகச் சுற்றினார். “மாட்டுக்கு மூக்கில, குதிரைக்கு வாயில. இப்ப பார் பிள்ளை” என்று விரல் நுனியால் மெல்ல அசைத்தார். அவள் கை தானாகத் திரும்பியது. “நிப்பாட்ட மட்டுமில்லை, திருப்பவும்தான்” என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே கடை பிடித்துப்போய்விட்டது. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல் இல்லாத இடைவெளி இருக்கிறது. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் கிடக்கும். அதைக் குதிரை பல்லுக்குள் கொண்டுபோய்க் கடித்துப் பிடித்துவிட்டால் ஓட்டுபவரின் கை செல்லாது. பேப்பரில் நாங்கள் வாசிக்கிற கடிவாளமோ எப்போதும் இறுக்குவதற்குத்தான்: விலைக்குக் கடிவாளம், வாய்க்குக் கடிவாளம். திருப்புகிற வேலையை அந்தச் சொல்லிலிருந்து கழற்றிவிட்டோம்.

இன்னொன்றும் மகளிடம் சொன்னேன். ‘கடிவாளம் கட்டின குதிரை மாதிரி நேரே மட்டும் பார்க்கிறான்’ என்று எழுதுகிறார்கள். பக்கப் பார்வையை மறைப்பது கண்பட்டை. அது கடிவாளத்தைத் தாங்கும் தலைவாரோடு சேர்ந்திருப்பதால் பெயர் மாறிப்போனது. சவாரி என்ற சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்தது, குதிரை ஏறிப் போவதுதான் அதன் பழைய பொருள். எங்கள் திடலில் ஓடுவது மாடு, சொல்லுக்குள் இருப்பது குதிரை. இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் முறுக்குவதை நிறுத்திவிட்டு, “அப்படியே?” என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

சரி, கயிறு. பருத்தி நூல், கையால் முறுக்கியது. மூக்குக்குள் போகிற பகுதியில் முடிச்சே இல்லை. கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன், பிசிர் குத்தவில்லை. மாட்டின் வயது, மூக்கின் பருமன், புண் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புண் முழுதாகக் காயாமல் போடவேண்டாம் என்று பணத்தை வாங்காமல் ஒரு கிழமை கழித்து வரச் சொன்னார். வியாபாரத்தை அப்படித் தள்ளிவைக்கிற கடையை நான் அதிகம் கண்டதில்லை. விலை 600 ரூபா, நைலோனைப்போல இரண்டு மடங்கு. ஆனாலும் கொடுக்கலாம்.

குறை உண்டு. கடைக்குள் வெளிச்சம் போதாது, கயிற்றின் நிறத்தை வாசலுக்குக் கொண்டுவந்துதான் பார்க்கவேண்டும். சதங்கை, கழுத்துப்பட்டி எல்லாம் வெளியில் வாங்கி விற்பவை, அவற்றில் இந்தத் தரம் இல்லை. கையால் முறுக்குவதால் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் காத்திருக்க நேரும்.

சின்னவனுக்குக் கட்டி இன்றோடு பன்னிரண்டு நாள். மூக்கில் ஒரு சிவப்பும் இல்லை.