பச்சைக்குள்ள இருக்குற மஞ்சள்: பிளாக்கஸ்ட் நைட் தொகுப்பு வாங்கலாமா?

முதல்லயே சொல்லிடறேன், கலர் மேல ஆசை இருக்குற யாரா இருந்தாலும் டிசி காமிக்ஸோட பிளாக்கஸ்ட் நைட் தொகுப்பை தாராளமா வாங்கலாங்க. 2009ல ஆரம்பிச்சு 2010 வரைக்கும் தனித்தனி இதழா வந்ததை ஒரே புக்கா கட்டியிருக்காங்க. எழுத்து ஜெஃப் ஜான்ஸ், படம் இவான் ரெய்ஸ், கலர் அலெக்ஸ் சின்க்ளேர். பாலக்காட்டுப் பக்கம் எங்க கொழிஞ்சாம்பாறையில இதெல்லாம் கடையில தொங்காது, ஆன்லைன்ல போட்டுத்தான் வர வெச்சேன். நான் ஆஃப்செட் பிரஸ்ல இருக்குறவன், கல்யாணப் பத்திரிகை, உற்சவ நோட்டீஸ்னு தமிழ்லயும் மலையாளத்துலயும் மாத்தி மாத்தி ஓட்டுறது, அதனால ஒரு புக்கை கையில எடுத்தா கண்ணு முதல்ல இங்க்குக்குத்தான் போகும். இந்த புக்குல கதையே இங்க்கைப் பத்தினதுதான், அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

இது கிரீன் லேண்டர்ன் கதை, மோதிரத்துல வர்ற பச்சை சக்தியை வெச்சு சண்டை போடுற சூப்பர் ஹீரோ. அவரைத் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் பின்கதை வேணும். 1940ல முதல் ஆளு ஆலன் ஸ்காட் வந்தப்போ அவரு மோதிரம் மரத்துக்கிட்ட பலிக்காது, மரக்கட்டையால அடிச்சா அடி விழும். பேருதான் கிரீன், சட்டை சிவப்பு, முதுகுல ஊதா அங்கி. 1959ல அதே பேருல ஹால் ஜோர்டன்னு பைலட் ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க, இந்த தடவை மோதிரம் மஞ்சள் நிறத்துக்கிட்ட பலிக்காதுன்னு ரூல். ஏன் மஞ்சள்? பச்சை சக்தி வர்ற பெரிய பேட்டரியில ஏதோ ஒரு கலப்பு இருக்கு, அது இல்லாம பேட்டரி ஓடாதுன்னு ஒரு வரி சொல்லி முடிச்சுட்டாங்க. அப்புறம் ரொம்ப வருஷம் வில்லனுங்க கையில எல்லாம் மஞ்சள் சாமான்தான்.

2004ல ரீபர்த்னு ஒரு தொடர், அதுவும் ஜெஃப் ஜான்ஸ் எழுதினதுதான், அதுல அந்த ஒரு வரியை எடுத்து மனுஷன் ஒரு புராணமே கட்டிட்டாரு. அந்தக் கலப்பு வேற ஒண்ணும் இல்ல, பேரலாக்ஸ்னு ஒரு ஜீவன், பயத்தோட உருவம், அதை யுகக்கணக்கா பச்சை பேட்டரிக்குள்ள பூட்டி வெச்சிருக்காங்க, மஞ்சள்னா பயம், பச்சைன்னா மன உறுதி, பயம் இருக்குற இடத்துல உறுதி பலிக்காது. அவ்ளோதான், இத்தனை வருஷமா அர்த்தமே இல்லாம இருந்த ரூலுக்கு ஒரே அடியில உயிர் வந்துடுச்சு! அது மட்டுமா, 1994ல வந்த கதையில ஹால் ஜோர்டன் புத்தி மாறி பச்சைப் படையில இருந்த தன் கூட்டாளிங்களையே அழிச்சாரே, அதுக்கும் காரணம் இந்த பேரலாக்ஸ்தானாம். அவரு காதோரம் முடி நரைச்சிருந்துச்சே, அதுவும் உள்ள பயம் புகுந்ததோட அடையாளமாம். வழக்கம் முதல்ல வந்து ஸ்தல புராணம் பின்னாடி வர்ற கோயில் மாதிரி, ஆனா கேக்குறப்போ புராணம்தான் முதல்ல இருந்துச்சுன்னு தோணுது, அங்கதான் எழுதினவரோட திறமை.

எனக்கு இது வேற ஒரு விதத்துலயும் பிடிச்சுது. நாலு கலர் பிரிண்டிங்ல பச்சைன்னு தனி இங்க்கு கிடையாதுங்க, சயான், மஜெண்டா, மஞ்சள், கருப்பு இந்த நாலுதான், சயான் மேல மஞ்சள் விழுந்தா பச்சை. ஆக, காமிக்ஸ்ல எந்தப் பச்சைக்குள்ளயும் மஞ்சள் நிஜமாவே பூட்டித்தான் இருக்கு, அந்த மஞ்சளை எடுத்துட்டா பச்சையே இல்ல. எழுதினவரு இதை நினைச்சு எழுதினாரான்னு பாத்தா எனக்கு அப்படித் தோணல, ஆனா பேப்பர்ல அச்சாகுற கதைக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு புராணம் அமையாது.

சரி புக்குக்கு வர்றேன். பச்சை, மஞ்சளோட நிக்காம விப்ஜியார் முழுசையும் இழுத்துட்டு வந்துட்டாங்க. சிவப்பு கோபம், ஆரஞ்சு பேராசை, நீலம் நம்பிக்கை, இண்டிகோ கருணை, வயலட் காதல், ஒவ்வொண்ணுக்கும் ஒரு படை. ரூல்ஸ் எல்லாம் அருமையா யோசிச்சிருக்காங்க: நீலப் படை பக்கத்துல பச்சை இல்லேன்னா அவங்க மோதிரம் முழுசா வேலை செய்யாது, ஏன்னா உறுதி இல்லாத நம்பிக்கை சும்மா. ஆரஞ்சுல படையே கிடையாது, லார்ஃப்லீஸ்னு ஒரே ஆளு, பேராசைக்காரன் எவனுக்காவது பங்கு தருவானா? பச்சை நடுவுல இருக்கு, அதுல இருந்து ரெண்டு ஓரத்துக்கும் போகப் போக அந்த உணர்ச்சி ஆளையே ஆட்டி வைக்கும், ஒரு ஓரத்துல கோபம், இன்னொரு ஓரத்துல காதல், ரெண்டுமே கண்ணை மறைக்குறதுதான்.

நம்ம பாலக்காட்டுப் பக்கம் உற்சவத்துக்கு ராத்திரி முழிச்சு கதகளி பாத்தவங்களுக்கு இதெல்லாம் சட்டுனு பிடிபடும். பச்சை வேஷம் நளன், அர்ஜுனன், தர்மபுத்திரர் மாதிரி ஆளுங்களுக்கு. சிவப்புத் தாடி துச்சாசனனுக்கு, வெள்ளைத் தாடி அனுமாருக்கு. ராவணனும் துரியோதனனும் வர்ற கத்தி வேஷத்துலயும் முகத்துல அடிநிறம் பச்சைதான், அதுமேல சிவப்பு வளைஞ்சு ஏறும், மூக்கு நுனியில வெள்ளை உருண்டை. வீரமும் பெருமையும் இருக்கு, கூடவே அகங்காரமும் இருக்குன்னு அதுக்கு அர்த்தம். இந்த புக்குல மஞ்சள் படைத் தலைவன் சினெஸ்ட்ரோ அப்படியே கத்தி வேஷம்தான், ஒரு காலத்துல பச்சைப் படையிலயே பெரிய வீரன், ஹாலுக்கே வாத்தியார், தன் கிரகத்துல ஒழுங்கு வரணும்னு ஆரம்பிச்சு சர்வாதிகாரியா போய் நின்னவன். அவனை வெறும் கெட்டவன்னு எங்கயும் வரையல.

ஆனா கதகளியில வேஷம் கட்டினா அந்தக் கலர் விடியுற வரைக்கும் மாறாது. இங்க கலர் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுது. இந்தக் கதையில செத்துப்போன ஹீரோக்கள் கருப்பு மோதிரம் போட்டு எழுந்து வர்றாங்க, அவங்க கண்ணுக்கு உயிரோட இருக்குறவங்க முகம் தெரியாது, மனசுல ஓடுற உணர்ச்சியோட கலர்தான் தெரியும். பயந்தா மஞ்சள், கோபப்பட்டா சிவப்பு. அதைக் கிளறி விட்டு, உச்சத்துக்கு வந்ததும் இதயத்தையே பிடுங்கி எடுக்குறாங்க. பக்கம் முழுக்க சாம்பலும் கருப்புமா இருக்க, ஒரே ஒரு உருவம் மட்டும் கலர்ல எரியும் பாருங்க, வசனமே வேணாம், அந்த ஆளு என்ன நினைக்கிறான்னு கலரே சொல்லிடும். ஸ்கேர்குரோன்னு ஒரு பேட்மேன் வில்லன், பயமே மரத்துப்போன ஆளு, அந்தப் பிணங்க நடுவுல நடந்து போறான், ஒண்ணும் அவனைக் கண்டுக்கல. நான் பாத்த காமிக்ஸ்ல கலரை இவ்ளோ புத்தியா உபயோகிச்ச இடம் வேற இல்ல. அப்புறம் ஆறாவது இதழ்ல ஒவ்வொரு படையும் ஆள் எடுக்குறப்போ சூப்பர்மேன் வில்லன் லெக்ஸ் லூதருக்கு ஆரஞ்சு, வொண்டர் வுமனுக்கு வயலட், குழந்தையைப் பறிகொடுத்த அக்வாமேன் மனைவி மேராவுக்கு சிவப்பு, அந்தப் பக்கத்தைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் புரட்டாம அப்படியே வெச்சிருந்தேன்.

குறை இல்லாம இல்ல. மன உறுதி எப்படிங்க உணர்ச்சியாகும், அதுக்கு கடைசி வரைக்கும் சரியான பதில் இல்ல. முடிவுல வெள்ளை ஒளி வருது, பிரபஞ்சத்துல உயிர் முதல்ல பொறந்ததே பூமியிலதான்னு சொல்றாங்க, அது எனக்கு ஒட்டவே இல்ல, இத்தனை கிரகத்துக்கும் கலருக்கும் கதை கட்டிட்டு கடைசியில நம்ம ஊர்தான் நடுவுலன்னா அந்தப் புராணமே சின்னதாப் போயிடுது. பிரிண்ட் நல்லா இருக்கு, வழவழ பேப்பர், கருப்பு நல்ல அடர்த்தியா விழுந்திருக்கு, ஆனா ரெண்டு பக்கம் சேர்ந்து வர்ற பெரிய படங்கள்ல நடுவுல இருக்குற மூஞ்சிங்க பைண்டிங்குக்குள்ள போயிடுது.

2011ல வந்த கிரீன் லேண்டர்ன் படம் பாத்துட்டு இது வேணாம்னு நினைச்சுடாதீங்க. மார்ட்டின் கேம்ப்பெல் டைரக்‌ஷன், ரயன் ரெனால்ட்ஸ் ஹீரோ, டிரெஸ் கூட கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்ல பண்ணினது. பச்சை உறுதி, மஞ்சள் பயம்னு வாயால சொல்றாங்க, கண்ணுக்கு ஒண்ணும் காட்டல, பேரலாக்ஸ் அழுக்குப் புகை மாதிரி வருது. அந்த மஞ்சள் ஜீவனை கடைசியில எதை வெச்சு அழிக்கிறாங்க தெரியுமா, சூரியனை வெச்சு! கலர்தான் கதைன்னு புரிஞ்சவங்க அந்த இடத்துல ஒரு வார்த்தையாவது பேசியிருப்பாங்க. சினெஸ்ட்ரோவா வந்த மார்க் ஸ்ட்ராங் மட்டும் அச்சு அசல், ஆனா அவரு மஞ்சள் மோதிரம் எடுத்துப் போடுறது படம் முடிஞ்சு பேரு ஓடுறப்போ, அதுவரைக்கும் அந்த மனுஷனுக்கு பயத்து மேல ஏன் ஆசை வந்துச்சுன்னு காட்டவே இல்ல. புராணத்தோட பேருங்களை எடுத்துகிட்டு ரூல்ஸை விட்டா இப்படித்தான். நம்ம பக்கத்து மலையாளப் படம் லோகாவுல கள்ளியங்காட்டு நீலிங்கிற யட்சியை எடுத்தாங்கன்னா அவ யாருன்னு சனங்களுக்கே பாதி தெரியும், கிரீன் லேண்டர்ன் எடுத்தவங்களுக்கு அந்த வசதி கிடையாது, எல்லாத்தையும் திரையில கட்டித்தான் ஆகணும்.

வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க, இந்த முக்கிய தொகுப்பு மட்டும் வாங்கினா கதையில ஓட்டை இருக்கும், பிளாக் ஹேண்ட்ங்கிற வில்லன் எப்படி கருப்பு மோதிரக்காரன் ஆனான், லார்ஃப்லீஸ் கூத்து எல்லாம் பிளாக்கஸ்ட் நைட்: கிரீன் லேண்டர்ன்னு தனி புக்குல இருக்கு, ரெண்டையும் சேர்த்து படிக்கணும். முதல் தடவை படிக்கிறவங்க ரீபர்த், அப்புறம் சினெஸ்ட்ரோ கோர் வார், அதுக்கப்புறம் இதுன்னு வாங்க. இதயத்தைப் பிடுங்குற படமெல்லாம் எதையும் மறைக்காம வரைஞ்சிருக்காங்க, அதனால ஸ்கூல் பசங்க கையில குடுக்க வேணாங்க.