நாணல் படுகையா, காற்றூட்டும் தொட்டியா: சிறிய ஊருக்கு எது தாங்கும்?

100 வீடுகள் உள்ள ஊரின் கழிவுநீரைச் சுத்திகரிக்க, நிலம் இருந்தால், எங்கள் ஓட்டு நாணல் படுகைக்கே. ஆளுக்குச் சுமார் 5 சதுர மீட்டர் இடம் வேண்டும். முதலில் கசடு படியும் தொட்டி. அடுத்து 60 செ.மீ. ஆழத்துக்கு ஜல்லி, அதில் நாணல். தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு 5 முதல் 10 செ.மீ. கீழேயே நிற்க வேண்டும். மேலே வந்தால் கொசுவும் நாற்றமும்தான்.

பெரும்பாலும் கெடுவது தண்ணீர் நுழையும் பக்கம். தொட்டியில் கசடு அள்ளாமல் விட்டால் அது வழிந்துவந்து ஜல்லி இடுக்கை அடைத்துவிடும். ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள், கறுப்பாக வழவழக்கும். அந்த ஜல்லியை அள்ளிக் கழுவித்தான் திரும்பப் போட வேண்டும். இதில் அம்மோனியா மட்டும் சரியாகக் குறையாது.

காற்றூட்டும் தொட்டி கொஞ்ச இடத்தில் அடங்கும், தண்ணீரும் தெளிவாக வரும். ஆனால் தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயர் நின்றால், கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காது, சுத்திகரிப்பே கெட்டுப்போகும். மின்கட்டணமும் ஓயாது.

எதைக் கட்டினாலும், தனியாரிடம் பராமரிப்பைக் கொடுக்கலாம்; நிலத்தையும் குழாயையும் எழுதிக் கொடுக்கவே கூடாது. கசடு அள்ளும் செலவும் புளோயர் பழுதும் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வெளியேறும் நீரின் மாதிரியை ஊரே எடுத்து வேறு ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். ஒப்பந்ததாரர் நீட்டும் முடிவைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.