மோரிஸ் மைனரா, முதல் சாகாவா?

பினாங்கில் பழைய கார் வாங்கிச் சீரமைக்க நினைக்கிறவர்கள் பலர் இங்கிலாந்தின் மோரிஸ் மைனருக்கும் மலேசியாவின் முதல் புரோட்டான் சாகாவுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். விற்பவர் சொல்லும் விலையை விட்டுவிடுங்கள். நன்றாகச் சீரமைத்த அதே கார் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து, அதிலிருந்து வேலைச் செலவைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நியாயமான விலை.

துரு: செலவை முடிவு செய்வது இதுதான். கடற்காற்று இரண்டையும் விடாது.
மைனர்: அடியில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது, பாடியே பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழ் உள்ள பகுதியையும் பின்பக்க ஸ்பிரிங் பிடிக்கும் இடத்தையும் ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பெரிய வெல்டிங் வேலை காத்திருக்கிறது. மேலே பளபளக்கும் புது பெயிண்டை நான் நம்பவே மாட்டேன்.
சாகா: சக்கர வளைவு, தரை, டிக்கி. இங்கும் அதே சோதனைதான்.

உதிரிப் பாகம்:
மைனர்: 1971-இல் உற்பத்தி நின்றாலும் இங்கிலாந்தில் இன்னும் கிடைக்கிறது, கப்பல் செலவு சேரும்.
சாகா: 1985-இல் வந்த மிட்சுபிஷி வழி கார். இன்ஜின் சாமான் உள்ளூரிலேயே கிடைக்கும். ஆனால் உள் அலங்காரம் முழுசாக இருக்கிறதா பாருங்கள், அதைத் தேடுவதுதான் கஷ்டம்.

கிராண்ட் (காரின் பதிவுப் பத்திரம்): அதிலுள்ள இன்ஜின், சேசிஸ் எண்கள் காரோடு பொருந்தவில்லை என்றால் எதுவும் வேண்டாம்.

வார இறுதியில் பொறுமையாக வேலை பார்க்க இடமும் பணமும் இருந்தால் மைனர். சீக்கிரம் ரோட்டில் ஓட்ட வேண்டும், செலவும் கைக்குள் இருக்க வேண்டும் என்றால் சாகாதான்.