தை மாதத்து ‘ஹைப்ரிட்’ தர்பூசணி விதைப் பொட்டலம்: ஏமாறாதீர்கள்

சம்பா அறுப்பு முடியும்போது டெல்டாவில் தர்பூசணி விதை தேடுகிறவர்கள் அதிகம். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப் குழுக்களில் இந்தத் தையிலும் ஒரு விளம்பரம் சுற்றியது: “ஹைப்ரிட் தர்பூசணி, பத்து விதை 150 ரூபாய். விதையில்லா ரகம் 250.” கூரியரில் வந்தது வெறும் ஜிப் கவர், உள்ளே சிவப்புச் சாயம் பூசிய விதை. லாட் எண் (எந்தத் தொகுப்பு விதை என்று காட்டும் எண்), பரிசோதனைத் தேதி, முளைப்புத் திறன், பில் எதுவும் கிடையாது. சாயம் பூசியதாலேயே அது கம்பெனி விதை ஆகிவிடாது.

முளைத்தது பாதிக்கும் குறைவு. காய்த்ததில் ஒரு கொடியில் கரும்பச்சை உருண்டை, அடுத்ததில் கோடு போட்ட நீளக்காய், உள்ளே வெளிறிய சதை. கடையில் வாங்கிய ஹைப்ரிட் பழத்தின் விதையைக் கழுவிக் காயவைத்துப் போட்டால் இப்படித்தான் வரும். ஹைப்ரிட் என்பது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்தது, அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். தெரிவதற்குள் 80 நாள் ஓடிவிடுகிறது, விற்றவர் எண்ணை பிளாக் செய்துவிடுகிறார். பிளாக் செய்வதற்கு முன் விற்றவரிடம் பேச முடிந்தவர்களுக்கு அவர் சொன்ன பதில்களையும் பாருங்கள்.

“பக்கத்தில் வெள்ளரி போட்டீர்களா? அதனால்தான் சப்பென்று இருக்கிறது.” சுத்தப் பொய். வெள்ளரியும் தர்பூசணியும் ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது. வேறு தர்பூசணி ரகத்தின் மகரந்தம் விழுந்தாலும் மாறுவது உள்ளே இருக்கும் விதைதான். இந்த வருஷத்துச் சதையின் ருசி மாறாது.

“உங்கள் களிமண்ணுக்கு வராது.” இது பாதி உண்மை, அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். கொள்ளிடக் கரைப் படுகை மண்ணில் வருகிற மாதிரி வயல் களியில் வராது. தண்ணீர் தேங்கி வேர் அழுகும். ஒரு அடி உயர மேட்டுப்பாத்தியில் மணலும் மக்கிய சாணமும் கலந்து போட வேண்டும். பழுக்கும் கடைசிப் பத்து நாள் தண்ணீரைக் குறைக்காவிட்டால் இனிப்பு குறையும், காய் வெடிக்கும். காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் சரியாகத் தொடாவிட்டால் காய் ஒருபக்கம் சூம்பும். இவை வளர்ப்பில் வரும் குறைகள். ஒரே பொட்டலத்து விதையில் கொடிக்குக் கொடி தோலின் நிறமும் கோடும் மாறுவது மண்ணால் வராது, அது விதையின் குற்றம்.

விதையில்லா ரகம் என்று விற்றதுதான் பெரிய மோசடி. அந்தச் செடியின் மகரந்தத்துக்கு வீரியம் இல்லை; பக்கத்தில் சாதாரணத் தர்பூசணி ஒன்று பூத்தால்தான் காய் பிடிக்கும். இதைச் சொல்லாமல் விற்கிறார் என்றாலே சந்தேகப்படுங்கள். நிஜமான விதையில்லாப் பழத்தில் வெள்ளையாக, மெல்லிய சப்பை விதைகள் இருக்கலாம். பழம் முழுக்கக் கறுத்த கெட்டி விதை இருந்தால் அது சாதா ரகம்.

விதைச் சட்டம் 1966, விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983 இரண்டும் இதற்காகவே இருக்கின்றன. விதை விற்க உரிமம் வேண்டும், பில் தர வேண்டும். அரசின் சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை, கம்பெனி தன் பொறுப்பில் விற்பதற்குப் பச்சை அட்டை. அட்டையில் ரகம், லாட் எண், பரிசோதனைத் தேதி, காலாவதித் தேதி பாருங்கள். தர்பூசணிக்குக் குறைந்தபட்ச முளைப்பு 60 சதவீதம். வாங்கியதும் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி, டப்பாவில் மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் குறைந்தது ஆறு விதைகள் வேர் விட வேண்டும். மார்கழிக் குளிரில் செய்தால் இரண்டு வாரம் வரை பொறுத்துப் பாருங்கள்.

கவரைத் தூக்கிப் போடாதீர்கள். மீதி விதையை அதிலேயே வைத்து, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடு மாவட்ட விதை ஆய்வாளரிடம் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. லாட் எண் இல்லாத பொட்டலத்தில் உற்பத்தியாளரைப் பிடிப்பது கஷ்டம், விற்றவரைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

இதே ஆட்கள் பழ ஈப் பொறியும் சேர்த்து விற்கிறார்கள். அதில் இருப்பது மாந்தோப்புக்கான மெத்தில் யூஜினால் என்ற ஈயை இழுக்கும் மருந்து. ஈக்கள் நிறைய விழும், ஆனால் அவை மாம்பழ ஈக்கள். தர்பூசணியைத் துளைக்கும் ஈக்கு வேண்டியது கியூ லூர் என்ற வேறொரு மருந்து.